மார்புக்குக் குறுக்கே ஒரு கோடு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போகிறவர்கள் எல்லையைத் தாண்டியதும் செய்யும் முதல் வேலை என்ன என்று கேட்டால், எங்கள் பகுதியில் பலரும் சிரித்துக்கொண்டே சீட் பெல்ட்டைக் கழற்றுவது போலக் கையை அசைத்துக் காட்டுவார்கள். திரும்பி வரும்போது ஏறத்தாழ அதே இடத்தில் பெல்ட் மறுபடி தோளுக்கு ஏறும். கோபாலபுரம் எல்லையிலும் கோவிந்தாபுரம் எல்லையிலும் இதே வழக்கம்தான். எல்லையின் இரண்டு பக்கமும் சட்டம் ஒன்றுதான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவு, பெல்ட் அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் அந்த ஆயிரத்தை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கேரளம் அதை 500 ரூபாயாகக் குறைத்துக்கொண்டது. ஆக, ஆயிரம் ரூபாய் அபராதம் உள்ள பக்கத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஐந்நூறு ரூபாய் உள்ள பக்கத்தில் பயபக்தியோடு மாட்டிக்கொள்கிறோம். தொகை எவ்வளவு என்பதைவிட அகப்படுவோமா என்பதுதான் கையைப் பெல்ட்டை நோக்கிக் கொண்டுபோகிறது என்பதற்கு எங்கள் எல்லைச் சாலைகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ஏ.ஐ. கேமராக்கள் பிடித்த குற்றங்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். மொத்தம் 726 கேமராக்கள். அவற்றில் 675 கேமராக்களின் பணி, தலைக்கவசம், சீட் பெல்ட், ஓட்டும்போது கைபேசி ஆகியவற்றைக் கவனிப்பது. ஒப்பந்தத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் நடந்த அரசியல் சண்டையை இதைப் படிப்பவர்கள் அறிவார்கள். அதற்குள் நான் போகவில்லை. விடியுமுன் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து கள்ளு ஏற்றிக்கொண்டு திருச்சூருக்கும் எறணாகுளத்துக்கும் போகும் பிக்கப் வண்டிகளின் ஓட்டுநர்கள், வாழ்நாளில் யார் சொல்லியும் கேட்காதவர்கள், அந்த ஆண்டு பெல்ட் மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். அதனால் கேமராவின் கட்சியில் சேர்ந்தேன். இப்போதும் பாதியளவு அந்தக் கட்சியில்தான் இருக்கிறேன். மீதிப் பாதியை அசைத்தது, அந்த ஆண்டு ஓணத்தை ஒட்டி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்த ஒரு படம். அதைப் பற்றிப் பேச வேண்டுமானால், பெல்ட் போட்டிருக்கிறோமா என்பதை இயந்திரம் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லாக்குக்குள் இருக்கும் கண்

காருக்குள்ளேயே இருக்கும் கண்காணிப்பு மிகவும் எளிமையானது. பெல்ட்டின் முனையில் உள்ள உலோக நாக்கு லாக்குக்குள் நுழைந்ததும், உள்ளே இருக்கும் சிறு சுவிட்சோ, காந்தப் புலத்தின் மாற்றத்தை உணரும் சென்சாரோ அதை அறிந்து, ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருப்பதைப் பற்றி வண்டிக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்பதை அறிய மெத்தைக்கு அடியில் எடையை உணரும் ஒரு விரிப்பு வைத்திருப்பார்கள். காய்கறிப் பையையோ தேங்காய் மூட்டையையோ அங்கே வைத்தால் வண்டி கத்துவது அதனால்தான். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் இந்த நினைவூட்டும் ஒலி கட்டாயம் ஆனது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கும் வேக எச்சரிக்கையும் அதோடு சேர்ந்து வந்ததுதான்.

இந்த ஒலி மனிதர்களை எந்த அளவுக்கு எரிச்சல்படுத்தும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை உண்டு. வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கிய, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது. பெல்ட் வண்டிக்குள் வந்துவிட்டது. மனிதர்கள் அதை மாட்டவில்லை. ஆகவே 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன்னிருக்கையில் உள்ளவர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் எஞ்சினே கிளம்பாதபடி ஓர் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். மளிகைப் பையை இருக்கையில் வைத்தவர்களின் வண்டியும், நாயை ஏற்றியவர்களின் வண்டியும் வீட்டு வாசலிலேயே நின்றன. மக்களின் கோபம் அந்த ஆண்டு அக்டோபருக்குள் நாடாளுமன்றத்தை எட்டி, அத்தகைய ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும், எச்சரிக்கை ஒலி எட்டு விநாடிக்கு மேல் கட்டாயமாக்கப்படக் கூடாது என்றும் சட்டமே வந்துவிட்டது. அந்த எட்டு விநாடித் தடையை நீக்க 2012 வரை ஆயிற்று. உயிரைக் காக்கும் ஓர் ஒலியை எட்டு விநாடிக்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று ஒரு நாடே சட்டம் போட்டுக்கொண்டதை நினைத்தால், நம் ஊர் ஓட்டுநர்கள்மீது எனக்கு வரும் கோபம் கொஞ்சம் தணிகிறது.

நம் ஊரில் சட்டம் தேவைப்படவில்லை. ஆக்சஸரீஸ் கடையில் ஒரு கிளிப் போதுமானதாக இருந்தது. பெல்ட் இல்லாத வெறும் உலோக நாக்கு அது. லாக்கில் செருகினால் வண்டி வாயை மூடிக்கொள்ளும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு உத்தரவிட்டு, இத்தகைய கிளிப்புகளின் 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. அவற்றில் சில, பாட்டில் திறப்பான் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் வேடம் போட்டு விற்கப்பட்டவை. கிளிப் வாங்க மனமில்லாதவர்கள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு லாக்கில் செருகி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். லாக்குக்குள் இருக்கும் சென்சார் கேட்பது ஒரே கேள்வி: நாக்கு உள்ளே இருக்கிறதா? கிளிப்பும் இருக்கிறது என்று சொல்கிறது, முதுகுக்குப் பின்னால் கிடக்கும் பெல்ட்டும் இருக்கிறது என்று சொல்கிறது. பெல்ட்டுக்கும் உடம்புக்கும் உள்ள உறவைப் பற்றி யாரும் அதனிடம் கேட்கவில்லை. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மோதலின்போது பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் சாதனம், எவரையும் பிடிக்காத ஒரு பட்டையை இறுக்கிவிட்டு ஓய்ந்துவிடும். சில வண்டிகளில் ஏர்பேக் எவ்வளவு கடுமையான மோதலில் விரிய வேண்டும் என்பதும் பெல்ட் போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே முடிவாகிறது; அந்த முடிவும் கிளிப் சொன்ன பொய்யின்மேல் எடுக்கப்படும்.

கம்பத்தின்மேல் இருக்கும் கண்

சாலையோரக் கேமரா வேறொரு கேள்வியைக் கேட்கிறது. லாக்கு அதற்குத் தெரியாது. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை முன்கண்ணாடி வழியே பாய்ச்சி அது படம் எடுக்கிறது. இரவிலும் எடுக்க முடிவது அதனால்தான். ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த மென்பொருள், அந்தப் படத்தில் முன்கண்ணாடியைத் தேடி, அதற்குள் ஆட்களைத் தேடி, ஒவ்வோர் ஆளின் மார்புக்கும் குறுக்கே ஒரு கோடு தெரிகிறதா என்று பார்க்கிறது. இதன் சிக்கலை எங்கள் பகுதியில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை பிறந்ததும் வாளையார் வழியாகவும் கோவிந்தாபுரம் வழியாகவும் சபரிமலைக்குப் போகும் வண்டிகளில் இருப்பவர்கள் அனைவரும் கறுப்புச் சட்டை போட்டிருப்பார்கள், பெல்ட்டும் கறுப்பு. மறுபக்கம், சேலையின் கரையும் தோள்பையின் வாரும் கோடு போலவே தெரியக் கூடும். அதனால்தான் இயந்திரம் சந்தேகிக்கும் படங்களை மனிதர்கள் பார்த்து உறுதி செய்த பிறகே அறிவிப்பு போகிறது. 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதி, அந்த அறிவிப்பு பதினைந்து நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்றது.

இந்தக் கேள்விக்கும் ஏமாற்று விடை உண்டு. கேமராக் கம்பம் தொலைவில் தெரிந்ததும் பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வது, கம்பம் தாண்டியதும் விட்டுவிடுவது. லாக்கு அதில் சம்பந்தப்படுவதே இல்லை. வண்டி விடாமல் கத்தும், கேமரா திருப்தியடையும். கிளிப் போட்டவர் விஷயத்தில் நேர்மாறாக நடக்கும்: வண்டி திருப்தியடையும், கேமரா பிடித்துவிடும். இரண்டையும் சமாளிக்கத் தெரிந்த வாடகைக் கார் ஓட்டுநர்களும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். கிளிப்பைச் செருகிவிட்டு, கம்பத்தின் அருகில் மட்டும் பெல்ட்டைக் கையால் பிடிப்பார்கள். பெல்ட்டை முறையாக மாட்டுவதற்கு இதில் பாதி உழைப்பு போதும் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. அவர்களைப் பொறுத்தவரை பெல்ட் என்பது விபத்தோடு தொடர்புள்ள பொருளாக இல்லை. கம்பத்தோடு தொடர்புள்ள பொருளாகிவிட்டது.

அந்தப் படம்

என் தாய்மாமாவுக்குக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் தென்னந்தோப்பு. அவருடைய சிறிய கார் 2019க்கு முந்தியது. பக்கத்து இருக்கைக்கு நினைவூட்டும் ஒலி அதில் கிடையாது. பதிவுச் சான்று, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவருடைய மகன் பெயரில் இருக்கிறது. ஓணத்துக்கு முன்பு மாமாவும் அத்தையும் பேரனைக் கூட்டிக்கொண்டு துணி எடுக்கப் பாலக்காட்டுக்குப் போனார்கள். வழியில் பெட்ரோல் பங்கில் இறங்கி ஏறிய மாமா, பெல்ட்டை மறுபடி மாட்ட மறந்துவிட்டார். அபராத அறிவிப்பு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். எனவே அது கடல் தாண்டி மச்சானின் கைபேசிக்குப் போய், அங்கிருந்து குடும்பக் குழுவுக்குத் திரும்பி வந்தது. ஓட்டுநர் பெல்ட் அணியவில்லை, 500 ரூபாய். அதில் எந்தத் தவறும் இல்லை. மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோடு இல்லாதது தெளிவாகவே தெரிந்தது.

குழுவில் வழக்கமான பேச்சு தொடங்கியது. மாமா, பங்கிலிருந்து கேமரா வரைக்கும் எவ்வளவு தூரம் என்று வாதாடினார். பெரியம்மா, தன் மகனுக்கு வந்த அறிவிப்பைப் பற்றிச் சொன்னார். அத்தை மட்டும் பெருமையாக ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "நான் போட்டிருந்தனில்ல, எம்மேல ஒண்ணும் எழுதல பாருங்க." உண்மைதான். படத்தில் அத்தையின் மார்புக்குக் குறுக்கே பெல்ட் பளிச்சென்று தெரிந்தது. சற்று நேரம் கழித்து மச்சான் அதே படத்தை மறுபடி அனுப்பினான். ஓட்டுநர் பக்கத்தை அவன் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்து இருக்கையில், அத்தையின் மடியில், பெல்ட்டுக்கும் அவருடைய உடம்புக்கும் நடுவே தெரிந்த ஒரு சின்னத் தலையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். ஒரு சொல்லும் எழுதவில்லை. அது அவனுடைய ஐந்து வயது மகன்.

நானும் அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்திருந்தேன். எல்லோரும் பார்த்திருந்தோம். படத்தின் மூலையில் நேரமும் இடமும் வண்டி எண்ணும் இருந்தன. குற்றம் இன்னதென்று கீழே எழுதியிருந்தது. ஆகவே நாங்கள் அந்தக் குற்றத்தைத்தான் பார்த்தோம். அந்த வண்டிக்குள் மிகப் பெரிய ஆபத்தில் இருந்தது மாமா அல்லர். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். எதிரே வருவதில் மோதி வண்டி ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாக வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் ஒவ்வோர் உடம்பும் தன் எடையைப் போலப் பதினான்கு மடங்கு விசையுடன் முன்னால் பாயும். 20 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 280 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும்; எந்தப் பாட்டிக்கும் அத்தகைய கைகள் இல்லை. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டினால் குழந்தை தப்பிவிடும் என்று நினைப்பது அதைவிடக் கொடிய கணக்கு. அத்தை 65 கிலோ இருப்பார். அந்த 65 கிலோ பதினான்கு மடங்காகிப் பின்னாலிருந்து குழந்தையை நெருக்கும். முன்னால் பெல்ட் நகராமல் நிற்கும். முன்னிருக்கையில் ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால், கண் இமைப்பதற்குள் விரியும் அதன் வேகத்தை எதிர்கொள்வதும் குழந்தையின் முகமாகவே இருக்கும்.

அத்தை அஜாக்கிரதையானவர் அல்லர். பேரனைப் பின்னால் தனியாக உட்கார வைக்க மனம் வராமல் மடியில் வைத்துக்கொண்டவர். கேமராவுக்குப் பயந்து பெல்ட்டையும் விடாமல் போட்டுக்கொண்டவர். கேமரா வருவதற்கு முந்திய காலமாக இருந்தால் பெல்ட் இல்லாமல் மடியில் வைத்திருப்பார். வந்த பிறகு பெல்ட்டோடு மடியில் வைத்தார். கேமரா அவரிடம் கேட்டது ஒரு கோட்டை. அவர் அந்தக் கோட்டைக் கொடுத்தார். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் என்பதும் அதே 194பி பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்காக யாருக்கும் அறிவிப்பு வந்ததில்லை. எதற்கு அறிவிப்பு வருகிறதோ அதுதான் ஆபத்து என்று நாங்கள் எங்களை அறியாமலே பழகிவிட்டிருந்தோம்.

கேமராவுக்கு எட்டாத பின்னிருக்கை

முன்கண்ணாடி வழியாக மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குப் பின்னிருக்கை பெரும்பாலும் இருட்டு. முன்னால் இருப்பவர்களின் தலையும் இருக்கையின் மேற்பகுதியும் மறைத்துவிடும். காருக்குள் இருக்கும் கண்ணுக்கும் அது நீண்ட காலமாக இருட்டுத்தான். பின்னிருக்கை நினைவூட்டல் உள்ள வண்டிகளிலும், பல மாடல்களில் மெத்தைக்கு அடியில் எடையை உணரும் விரிப்பு இல்லை. பூட்டிய பெல்ட்டை நடுவழியில் யாராவது கழற்றினால் அது சொல்லும், ஆனால் முதலிலிருந்தே மாட்டாமல் உட்கார்ந்திருப்பவரை அதற்குத் தெரியாது. ஆனால் முன்னோக்கிய பின்னிருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லிப் பல காலம் ஆகிறது. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கருக்கு அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின்னிருக்கையில் அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்ற செய்தி வந்து, சில வாரங்கள் நாடே பின்னிருக்கையைப் பற்றிப் பேசியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, அந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஓட்டுநர்கள் 8,384. மற்றப் பயணிகள் 8,331. ஏறக்குறைய சரிபாதி. நமது கண்காணிப்போ ஓட்டுநரிலிருந்து தொடங்கி, பக்கத்து இருக்கையோடு முடிந்துவிடுகிறது.

இதனால் கேமராக்களைக் கழற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கள்ளு வண்டிக்காரர்களின் தோளில் பெல்ட்டை ஏற்றியதே பெரிய சாதனை. ஆனால் இந்த இரண்டு சாட்சிகளில் ஒருவரைத்தான் வளர்க்கலாம் என்றால், நான் காருக்குள் இருக்கும் அந்த எரிச்சலூட்டும் சாட்சியைத்தான் வளர்ப்பேன். அது எல்லையை அறியாது. வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி கத்தும். நம்மைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாது; பதினைந்து நாள் கழித்து ஷார்ஜாவில் இருப்பவருக்குச் சொல்லாமல், ஆபத்து வருமுன் வண்டிக்குள் இருப்பவரிடமே சொல்லும். மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்பும் சில கம்பிகளும் சேர்த்தால் ஐந்து இருக்கைக்கும் அதை நீட்ட முடியும். கிளிப்பை அதனால் வெல்ல முடியாதுதான். ஆனால் கிளிப் வாங்குகிறவர் தெரிந்தே செய்கிறவர். எங்கள் அத்தையைப் போலத் தெரியாமல் செய்கிறவர்கள்தாம் அதிகம், அவர்களிடம் ஒரு ஒலி பேசிப் பார்க்கலாம்.

அந்த வட்டத்துக்குப் பிறகு குழுவில் நீண்ட அமைதி. பிறகு தொலைபேசியில் நீண்ட சண்டை. ஒரு மாதத்தில் ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் குழந்தை இருக்கை வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கேரளத்தில் குழந்தை இருக்கை கட்டாயம் என்று ஓர் அறிவிப்பு வந்ததும், உடனேயே அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று சொன்னதும் பலருக்கு நினைவிருக்கலாம்; அன்று அத்தை வெற்றிக் குரலில் எனக்குப் போன் செய்து, "மந்திரியே வேண்டாம்னுட்டாரு கண்ணு" என்றார். அதற்குள் பேரனுக்கு அந்த இருக்கை பழகிவிட்டிருந்ததால் விஷயம் அதோடு நின்றது.

இருக்கையை முதன்முதலில் பொருத்தப் போன நாளில்தான் தெரிந்தது, மாமாவின் காரில் பின்னிருக்கை லாக்குகளைக் காணவில்லை. வாங்கிய புதிதில் போட்ட ரெக்சின் உறைக்கு அடியில் அவை புதைந்து கிடந்தன. பெல்ட் மட்டும் இரண்டு ஓரத்திலும் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது, செருகுவதற்கு இடமில்லை. பொள்ளாச்சியில் சீட் கவர் தைக்கும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். கடைக்காரர் உறையைத் தடவிப் பார்த்து லாக்கு இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, பிளேடால் கீறி, விளிம்பு பிரியாமல் இருக்க மடித்துத் தைத்துக் கொடுத்தார். எல்லா வண்டிக்கும் இப்படி மூடித்தான் தைப்பீர்களா என்று கேட்டேன். லாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உட்காருகிறவர்களுக்குக் குத்துகிறது என்று வாடிக்கையாளர்களே மூடச் சொல்வார்கள் என்றும், திறந்துவிடச் சொல்லி ஒருவர் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். கூலியைக் கேட்டதற்கு, இரண்டு கீறலுக்கு என்ன வாங்குவது என்று கையை விரித்தார். மாமா பிடிவாதமாக நூறு ரூபாயை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.